சுகர் இருக்கு, குழந்தைக்கு முயற்சி பண்ணலாமா? டாக்டர் தள்ளிப்போடச் சொல்கிறார்

நவம்பர் 18, குடியாத்தத்திலிருந்து ஒரு தோழியின் கேள்வி

வயது 30. கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு வருஷமாக சுகர், டைப் 2. மூன்று மாத சராசரி, அதாவது ஏ1சி, 8.6. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் போடுகிறேன். பிரஷருக்கு டெல்மிசார்டன். ஏ1சி குறையும்வரை குழந்தைக்கு முயற்சி செய்யாதே என்கிறார் டாக்டர். மாமியாரோ, உண்டானால் எல்லாம் தானாகச் சரியாகும் என்கிறார். எனக்குத் தோன்றுவது இதுதான்: முயற்சியை ஏன் நிறுத்த வேண்டும்? உண்டானதும் இன்சுலினுக்கு மாறிக்கொண்டால் போதாதா? அனுபவம் உள்ள அக்காமார்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 18, இரவு

போதாது.

எனக்கு 27 வயதில் சுகர் தெரிந்தது. இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள். நீங்கள் கேட்டதையே நானும் கேட்டேன். அதற்கு என் டாக்டரம்மா மேசைமேல் இருந்த காலண்டரைத் திருப்பி விரலால் எண்ணிக் காட்டினார். மாதவிலக்கு வந்த நாளிலிருந்து 14 நாள் கழித்துக் கரு தரிக்கிறது என்று வையுங்கள். 28ஆம் நாள் வரவேண்டியது வரவில்லை. நாம் என்ன செய்வோம்? வெயிலுக்குத் தள்ளிப்போயிருக்கும், அலைச்சல் என்று ஒரு வாரம் விடுவோம். அப்புறம் கடையில் கார்டு வாங்கிப் பார்ப்போம். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரி. ஆனால் குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான குழாய் மூடிக்கொள்வது கரு தரித்து 28 நாளுக்குள். நம் கணக்கில் தேதி தள்ளி இரண்டே வாரம். இதயமும் அந்தச் சமயத்தில்தான் உருவாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இன்சுலின் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடையில் நிற்கும்போது அந்த வேலையில் பாதி முடிந்திருக்கும்.

தாயின் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. எனவே சர்க்கரை ஏறிக்கிடக்கிற உடம்பில் முதல் வாரங்கள் கழிந்தால் கரு கலையவும், இதயம், முதுகுத்தண்டு ஆகியவற்றில் குறை வரவும் வாய்ப்பு கூடுகிறது. ஏ1சி ஏற ஏற அதுவும் ஏறும். அதனால்தான் 6.5க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு ஆரம்பியுங்கள் என்கிறார்கள். லோ ஆகாமல், அதாவது சுகர் ஒரேயடியாக இறங்கிவிடாமல், அந்த அளவுக்கு வர முடிந்தால்தான், அதையும் சேர்த்தே சொல்வார்கள். 10க்கு மேல் இருந்தால் இப்போது வேண்டவே வேண்டாம் என்பார்கள். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள்.

நவம்பர் 19

மாத்திரையைப் பற்றி நேற்று விட்டுப்போனது. முயற்சி தொடங்குவதற்கு முன்பே கேட்டு மாற்ற வேண்டியவை உங்கள் டப்பாவில் இருக்கின்றன. டெல்மிசார்டன் முதலில். ராமிப்ரில், எனலாப்ரில் வகையும் அப்படித்தான். கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனக்கு லேபெடலால் கொடுத்தார்கள். கொழுப்பு மாத்திரை, அதாவது ஸ்டாட்டின், போட்டால் அதையும் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். கிளிமிபிரைடை எடுத்துவிட்டு இன்சுலின் தருவார்கள். மெட்ஃபார்மினைப் பலருக்குத் தொடரச் சொல்வார்கள். எடை குறைக்கும் ஊசி (செமாகுளூடைட்) போடுபவர்கள் இருந்தால், முயற்சிக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சுகர் 300ல் போய் உட்காரும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொண்டுவருகிற அக்காவுக்கு நீங்கள் குழந்தைக்குப் பார்க்கிறீர்கள் என்று தெரியாது. சீட்டில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவார். சொல்ல வேண்டியது நாம்தான்.

ஃபோலிக் ஆசிட்: சுகர் உள்ளவர்களுக்குப் பொதுவாக 5 மி.கி. எழுதுவார்கள். முயற்சிக்கு முன்பிருந்தே தொடங்கி 12 வாரம் வரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது, ஆனால் அரை மி.கி. தான். அதைப் போடுகிறேனே என்று இதை விட்டுவிடக் கூடாது.

நவம்பர் 21

முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஆம்பூரிலிருந்து ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: ஏ1சி 9, ஏழு வாரம் ஆகிவிட்டது, உங்கள் எழுத்தைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை, கலைத்துவிடலாமா என்று.

வேண்டாம் அம்மா. நான் சொன்னது வாய்ப்பு கூடுகிறது என்பதை. கூடினாலும் பெரும்பாலான குழந்தைகள் குறையில்லாமல்தான் பிறக்கின்றன. இன்றே போய் டாக்டரைப் பாருங்கள், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், இன்சுலின் தொடங்கச் சொன்னால் இன்றைக்கே தொடங்குங்கள். 18லிருந்து 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள், குழந்தையின் இதயத்துக்குத் தனியாகவும் பார்ப்பார்கள். என் குறிப்பு இன்னும் தொடங்காதவர்களுக்கு. தொடங்கிவிட்டவர்கள் அதைத் தாண்டிப் படியுங்கள்.

நவம்பர் 22

மாமியார் விஷயம். இதற்குத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள், சுகரைவிட!

எங்கள் வீட்டில், "இன்னாடி, மாத்திரைய முழுங்கிட்டு வருஷத்த தள்ற" என்பதுதான் காலைக் காபியோடு வரும். "விசேஷம் உண்டா" என்று கேட்காத கல்யாண வீடு வேலூர் மாவட்டத்தில் கிடையாது. நான் விளக்கிப் பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் அவரையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பேரன் சீக்கிரம் வேணுமா, நல்லா வேணுமா?" பேத்தியாக இருந்தால் என்ன என்று நான் முனகினேன், அது வேறு கதை. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்லும் வேலையை மாமியாரே எடுத்துக்கொண்டார். "டாக்டர் தேதி குடுத்திருக்காங்க" என்பார்.

ஏ1சி குறையக் காத்திருக்கும் மாதங்களில் கர்ப்பத்தடை வேண்டும். ஆணுறையோ, காப்பர் டி-யோ, உங்களுக்குத் தோதானது. நாலு வருஷமாக உண்டாகவில்லையே, தடை எதற்கு என்று நினைப்பீர்கள். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எடை கொஞ்சம் குறைந்து, மெட்ஃபார்மினும் உள்ளே போனால் கருமுட்டை தானாக வெளிவர ஆரம்பிக்கும். ஏ1சி 8ல் இருக்கும்போதே உண்டாகிவிடும். இப்படி நடந்தவர்களை நான் இரண்டு பேருக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 27

குடியாத்தத்துத் தோழி இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் போட்டிருக்கிறார். ஹீமோகுளோபின் 8.9! இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

இரும்புச்சத்து குறைந்த இரத்தசோகையில் ஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்பு கொடுத்துப் புதுச் சிவப்பணுக்கள் வந்ததும், சுகர் குறையாமலேயே ஏ1சி குறைந்தது போலத் தெரியும். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் கணக்கு மாறிவிடும். ஆகவே உங்கள் 8.6ஐ அப்படியே நம்பவும் வேண்டாம், இரண்டு மாதம் கழித்து 7.2 வந்தால் துள்ளவும் வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்து, வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் இரண்டையும் காட்டுங்கள். ஸ்ட்ரிப் பெட்டி விலை கையைக் கடிக்கும், தெரியும். தினமும் எல்லா வேளையும் முடியாவிட்டால் ஒருநாள் காலை, மறுநாள் மதியம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

டிசம்பர் 3

கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போகலாமா என்று ஒரு கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு: மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் அதையொட்டி இரவில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் சிம்மக் குளத்தில் மூழ்கி, ஈரப் புடவையோடு கோயிலுக்குள் படுப்பார்கள். கூட்டம் சொல்லி மாளாது.

போங்கள். என் சித்தி பெண்ணோடு நான் துணைக்குப் போயிருக்கிறேன். அவளும் இன்சுலின்காரி. பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னதும் இவளுக்குக் குற்றவுணர்ச்சி வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டைத் தள்ளப் பார்த்தாள், ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு. குளிர், பசி, உள்ளே இன்சுலின், மேலே நனைந்த புடவை. நடுங்குவது குளிருக்கா, லோவுக்கா என்று இருட்டில் எப்படித் தெரியும்? குளக்கரைக்குப் போகுமுன்பே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் ஊட்டினேன். விரதம் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஊசி அளவை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். பையில் மீட்டரும் ஒரு பிடி சர்க்கரையும் இருக்கட்டும். மார்க்கபந்தீஸ்வரர் வழித்துணை நாதர். சாப்பிட்டுவிட்டு வந்தவளையும் கைவிட மாட்டார்.

டிசம்பர் 4

குளத்தில் மூழ்கினால் பிள்ளை வருமா என்று கேட்ட நாத்திகத் தோழிக்கு: உங்களை யாரும் குளத்தில் இறங்கச் சொல்லவில்லை :)

டிசம்பர் 20

சாப்பாடு. கேழ்வரகு சாப்பிட்டால் சுகர் ஏறாது என்று நம் பக்கத்தில் ஒரு வேதவாக்கு. ஏறும். களி ஒரு சிறிய உருண்டை, கீரைக் குழம்போடு, எனக்கு ஒத்துக்கொள்கிறது. அதே கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் கரைத்து ஒரு சொம்பு குடித்தால் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆடி மாதம் அம்மன் கோயில் கூழை நான் இப்போது டம்ளர் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

பிரியாணி வேறு மாதிரி ஏமாற்றும். ஆம்பூர் பிரியாணி, சீரகச் சம்பா, கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தேன், 138. அடடா, பிரியாணி நமக்கு நண்பன் என்று இன்னொரு கரண்டி போட நினைத்தேன். படுக்கப் போகுமுன் ஏதோ தோன்றிப் பார்த்தால் 201. நெய்யும் கறியும் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் ஏற்றம் மெதுவாக வருகிறது. பிரியாணி அன்றைக்கு நாலாவது மணி நேரமும் ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வாணியம்பாடியில் என் தோழி வீட்டுக் கல்யாணத்தில் அப்படிச் சொன்னால் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவார்கள்.

ஆற்காடு மக்கன் பேடா இனிப்பைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில்: உங்களுக்கே தெரியும்.

டிசம்பர் 21

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் முக்காமல் சுட்டுப் பிசைந்து சாப்பிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். புவிசார் குறியீடு வாங்கிய காய், சுகரும் ஏற்றாது. எண்ணெய் மட்டும்தான் குற்றவாளி.

ஜனவரி 8

கண். இதை யாருமே கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

கர்ப்பம் வந்தால் சுகரால் கெட்டிருக்கும் விழித்திரை மேலும் கெடலாம். சுகரை வேகமாகக் குறைக்கும்போதும் சில பேருக்குத் தற்காலிகமாக மோசமாகும். அதனால் முயற்சிக்கு முன்பே பாப்பாவை விரித்து (கண்ணின் பாப்பாவைச் சொல்கிறேன்) உள்ளே பார்த்துவிட வேண்டும். லேசர் தேவைப்பட்டால் முன்பே முடித்துக்கொள்ளலாம். நான் ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டுமருந்து விட்டு உட்கார வைத்து, டார்ச் அடித்து, மேலே பார், கீழே பார் என்று பார்த்து அனுப்பினார்கள். வெளியே வந்தால் வேலூர் வெயில் கண்ணுக்குள் ஊசி போல் இறங்குகிறது. பஸ் போர்டு தெரியவில்லை, ஃபோனில் எழுத்து தெரியவில்லை. தனியாகப் போகாதீர்கள், ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள்.

சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனையும் அதே வாரத்தில் முடியுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கர்ப்பத்துக்கு முன் தெரிந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஏறியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நோட்டில் மூன்று நாளை வெற்றாக விட்டுவிட்டுப் பதினெட்டாம் தேதியிலிருந்து எழுதாதீர்கள். 240 என்றால் 240 என்று எழுதுங்கள். டாக்டர் அடிக்கமாட்டார்.

பிப்ரவரி 2

கணவர்களைப் பற்றி. நாலு வருஷம் குழந்தை இல்லையென்றால் நம் ஊரில் ஸ்கேன், ஊசி, விரதம், பரிகாரம் எல்லாம் பெண்ணுக்கு. அவருடைய விந்துப் பரிசோதனை ஆனதா என்று குடியாத்தத்துத் தோழியிடம் கேட்டேன். "அவர் வரமாட்டார் அக்கா" என்கிறார். முப்பத்தைந்து வயதில் தொப்பையோடு இருக்கும் அவருக்கு சுகர் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஆணுக்கு சுகர் இருந்தாலும் விந்தின் தரத்தைப் பாதிக்கும். இவர் மட்டும் விரலைக் குத்திக்கொண்டிருக்க அவர் டீக்கடையில் போண்டா சாப்பிட்டால் எப்படி? பரிசோதனைக்கூடம் யாரையும் கடிக்காது. கூட்டிக்கொண்டு போங்கள்.

மார்ச் 10

இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். சென்னை டாக்டர் வி. சேஷையாவின் பிறந்த நாளை இப்படிக் கடைப்பிடிக்கிறார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சுகர் பார்க்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2007ல் ஆணை வந்ததற்கு அவர் முக்கியக் காரணம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சுகர். சாப்பிட்டு வந்தவர்களுக்கும் செய்யலாம் என்பதுதான் இதில் வசதி. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்ணை வெறும் வயிற்றோடு திரும்ப வரச் சொன்னால் அவள் வரமாட்டாள்.

இதைச் சொல்லக் காரணம், "எப்படியும் சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்களே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அணைக்கட்டிலிருந்து ஒருவர் எழுதியது. அது சுகர் இருப்பது தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க. நமக்குத்தான் தெரியுமே! நாம் குளுக்கோஸ் குடித்து என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்? உண்டானவுடன் நர்ஸம்மாவிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும்போதே, "எனக்கு முன்பே சுகர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். 12 வாரத்துக்குப் பிறகு சிறிய அளவு ஆஸ்பிரினும் எழுதுவார்கள், பிரஷர் சிக்கல் வராமல் இருக்க. பயப்படாமல் போடுங்கள்.

ஏப்ரல் 11

தோழி இன்சுலினுக்கு மாறிவிட்டார். லோ பற்றிக் கேட்கிறார்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சாப்பாட்டு மணி ஒரு மணிக்கு. ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். எனவே பன்னிரண்டரைக்கு ஓய்வறையில் போய்ப் புடவையை விலக்கி வயிற்றில் போட்டுக்கொண்டு வருவேன். ஒருநாள் போட்டுவிட்டு வந்ததும் மேலாளர், ஏற்றுமதிப் பில்லில் ஏதோ குளறுபடி என்று எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டார். மணி ஒன்றே கால், ஒன்றரை. எதிரில் இருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, உள்ளங்கை வேர்த்தது. எனக்கு லோ, சாப்பிட வேண்டும் என்றேன். "ரெண்டு நிமிஷம்மா" என்றார். நான் எழுந்து போய் டீ மேசையிலிருந்த சர்க்கரை டப்பாவைத் திறந்து மூன்று ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அவர் ரெண்டு நிமிஷம் என்று சொன்னதே இல்லை.

70க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து குடியுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் லோ இன்னும் அடிக்கடி வரும், வாந்தியும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போதே பழக்கிவையுங்கள்.

மே 6

கத்திரி தொடங்கிவிட்டது. தோழியின் ஏ1சி 6.8, ஹீமோகுளோபின் 11.2. வீட்டு நோட்டும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் என்று டாக்டர் சொன்னாராம். மாமியார் இப்போது ஜோசியரை விட்டுவிட்டு ஏ1சி தேதியைக் காலண்டரில் வட்டமிடுகிறாராம்.

வெயிலுக்கு இன்சுலின் கெடும். திறக்காத பாட்டில் ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம். ஃபிரீசருக்கு அருகில் வேண்டாம், உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததை வெளியே வைக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பது 40 டிகிரி வேலூருக்கு அல்ல. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள், மின்சாரம் போய்ப்போய் வருகிறவர்கள்: ஒரு மண்பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து. மேலே ஈரத்துணி, நிழலில். நான் பவர்கட் நாட்களில் அப்படித்தான் வைத்தேன். வண்டி டிக்கியில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போகாதீர்கள்.

மே 7

இங்கே ஒருவர், பென் (பேனா போன்ற இன்சுலின் கருவி) ஊசி தீர்ந்துபோனால் அதன் கார்ட்ரிட்ஜிலிருந்து, அதாவது உள்ளே இருக்கும் மருந்துக் குப்பியிலிருந்து, பழைய சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டுக்கொள்ளலாம், காசு மிச்சம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லியில் பெரும்பாலும் 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பென் கார்ட்ரிட்ஜில் பொதுவாக ஒரு மில்லியில் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை அதை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். தோழி, உங்களுக்குப் பென் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் வீட்டில் மீதி இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சையெல்லாம் இன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள். ஊசியைக் குப்பையில் அப்படியே போடாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆஸ்பத்திரியில் கொடுங்கள். டெல்மிசார்டனை மாற்றிவிட்டார்களா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.